கூரை மேல் கல்யாணம்

தோஃபிக் அக்ரூட் மரத்திலிருந்து விழுந்தது செப்டம்பர் கடைசியில். முப்பது வருஷமாக அவர் ஏறி உலுக்கிய மரம். எந்தக் கிளை தாங்கும், எது தாங்காது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அன்றைக்கும் தாங்கும் என்று சொல்லிவிட்டுத்தான் காலை வைத்தார். வலது கால், முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. மரிவான் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, டிசம்பர் வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஆக, அந்த வருஷம் வீட்டைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்கிற வேலை மொத்தமும் அவர் மனைவி ஷிலேரின் தலையில் விழுந்தது. நாற்பத்து மூன்று வயது அவளுக்கு. ஒரே மகள் சனந்தஜில் நர்ஸ் படிப்பில் இருந்தாள். பரீட்சை முடியாமல் வர முடியாது. ஷிலேர் அக்டோபர் முழுக்க ஓடினாள். வந்து இறங்கிய ஓக் விறகைப் பிளந்து படிக்கு அடியில் அடுக்கினாள். அடுப்பின் புகைக்குழாயைக் கழற்றித் தெருவில் போட்டுத் தட்டி, கரியை உதிர்த்து, மறுபடி மாட்டினாள். ஜன்னல்களுக்குப் பிளாஸ்டிக் தாள் அடித்தாள். கோதுமை நொய்யைப் புளித்த மோரில் ஊறவைத்து உருட்டிக் காயவைத்தாள். கோடையில் சுருட்டி வைத்திருந்த கம்பளங்களை விரித்தாள். எல்லாம் முடிந்து கூரை மட்டும் நின்றுபோனது.

கானியாவ் கிராமத்தில் கூரை என்பது தனி ஆளால் ஆகிற காரியம் இல்லை. ஊர் மலைச்சரிவில் படிப்படியாக ஏறுகிறது. கீழ்வீட்டுக் கூரைதான் மேல்வீட்டு முற்றம். நெட்டிலிங்கம் போல உயர்ந்த பாப்ளார் மரத்தின் உத்தரங்கள், அவற்றின்மேல் குச்சிகள், குச்சிகளின் மேல் ஒரு முழ மண். கோடை வெயிலில் அந்த மண் வெடித்து, எறும்பு குடியேறி, புல் முளைத்து, பொலபொலவென்று இளகிக் கிடக்கும். பனிக்கு முன்னால் புல்லைப் பிடுங்கி, சலித்த களிமண்ணில் உப்பைக் கலந்து பரப்பி, தண்ணீர் தெளித்து, கல் உருளையைப் போக வர இழுத்து இறுக்க வேண்டும். அதன்மேல் வைக்கோல் சேற்றை விரல் கனத்துக்குப் பூசி, நாலைந்து நாள் வெயிலில் காயவிட வேண்டும். அப்படி விட்டால்தான் பனி இடுப்பளவு விழுந்தாலும் உள்ளே நிம்மதியாகத் தூங்கலாம்.

உருளையை இழுக்க இரண்டு ஆண்கள் வேண்டும், அதுவும் ஒரு பகல் முழுக்க. ஊர் ஆண்களில் பாதிப் பேர் கீழே ஆற்றங்கரை மாதுளைத் தோட்டங்களில் இருந்தார்கள். மீதிப் பேர் கட்டட வேலைக்குத் தெஹ்ரான் போயிருந்தார்கள். ஷிலேர் மூன்று வாரம் ஆள் தேடினாள். வருகிறேன் என்றவர்கள் வரவில்லை; வராதவர்கள் அடுத்த வாரம் என்றார்கள். அதற்குள் நவம்பர் பிறந்துவிட்டது. மலையுச்சியில் மேகம் காலையில் வந்தால் மாலைவரை நகராமல் உட்கார ஆரம்பித்தது. யார் வந்தாலும் வராவிட்டாலும் மண்ணாவது இருக்கட்டும் என்று, ஒரு திங்கட்கிழமை, பன்னிரண்டு கோவேறு கழுதைச் சுமை களிமண்ணை இறக்கிக் கூரையின் ஓரத்தில் குவித்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே மேல்வீட்டு ருபாபா ஒரு தட்டு நிறைய மிட்டாயோடு இறங்கி வந்தாள்.

ருபாபா ஐம்பதைத் தாண்டியவள். பெரிய உடம்பு, பெரிய குரல். அவளுக்கும் ஷிலேருக்கும் மார்ச்சிலிருந்து பேச்சு குறைவு. வசந்தத்தில் பிறக்கும் புதுவருஷத்துக்கு ருபாபா தன் வீட்டுக் கம்பளங்களை எல்லாம் முற்றத்தில் போட்டு அலசியதில், தண்ணீர் கூரைக்குள் இறங்கி ஷிலேரின் மாவு மூட்டையை நனைத்துவிட்டது. ஷிலேர் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாவைக் காயப்போட்டாள், கெட்டதை ஆட்டுக்குப் போட்டாள், அன்றிலிருந்து ருபாபாவைப் பார்த்தால் தலையை மட்டும் அசைத்தாள்.

இப்போது வந்தது கல்யாணத்துக்கு அழைக்க. மகன் ஹிவாவுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். பெண் மரிவான் பக்கம். சட்டென்று முடிவானது, பெண்ணின் அண்ணன் வேலைக்குத் திரும்பிப் போவதற்கு முன்னால் நடத்திவிட வேண்டுமாம். தோஃபிக்கை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்தாலும் சரி, வந்தாக வேண்டும் என்றாள். எழுந்து போகும்போது வாசலில் நின்று மற்றதைச் சொன்னாள்.

"அந்த மண்ணை மட்டும் சனிக்கிழமை வரைக்கும் ஓரமா வச்சிரு ஷிலேர். பொண்ணு வீட்லேர்ந்து மட்டும் அறுபது பேரு. ஆட இடம் வேணும்ல."

"டிவியில சனிக்கிழமை மழைங்கிறாங்கக்கா."

"அவன் தினம்தான் சொல்றான்."

"கூரை ஒழுகினா எனக்குத்தானேக்கா?"

"கூரை உன்னுது, முற்றம் என்னுது. இதென்ன இன்னிக்குப் புதுசாவா?"

உள்ளே கட்டிலிலிருந்து தோஃபிக்கின் குரல் வந்தது. "ரெண்டு பேருமா அதைப் பேத்து எடுத்துப் பாதிப் பாதி பிரிச்சுக்குங்க. மழை வந்தா நான் குடை புடிச்சுக்கறேன்."

ருபாபா சிரித்துவிட்டு ஏறிப் போனாள். ஷிலேர் சிரிக்கவில்லை.

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாளைக்கே பூசினால், வெள்ளிக்கிழமை இருநூறு பேர் காலில் காயாத சேறு பெயர்ந்துவிடும். சனிக்கிழமை பூசினால் மழையில் கரைந்து தெருவுக்கு ஓடும். ஒன்றும் செய்யாமல் விட்டால், முதல் மழை ஊறி, மண் கனத்து, அதன்மேல் பனி உட்காரும். நாலு வருஷத்துக்கு முன்னால் கீழ்த்தெருவில் பூசாமல் விட்ட ஒரு கூரை ஜனவரியில் உத்தரத்தோடு இறங்கிவிட்டது. உள்ளே இருந்தவை ஆடுகள் மட்டும் என்பதால் ஊர் அதை மறந்துவிட்டது. ஷிலேர் மறக்கவில்லை, அன்று மண்ணை வெட்டி ஆடுகளை இழுத்தவர்களில் அவளும் ஒருத்தி.

மறுநாள் காலை மேலே போய், ஆட்டத்தைப் பள்ளிக்கூட மைதானத்தில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டாள். ருபாபாவின் முகம் போன போக்கைப் பார்த்ததுமே பதில் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டு முற்றம் இருக்கும்போது மருமகளை ஊர்ப் பொதுவிடத்தில் இறக்குவதாவது என்றாள். ருபாபாவின் கணவர் காதிர் அப்போது சுவரில் விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். கல்யாணம் முடிந்ததும் நானே உருளை இழுக்கிறேன் தங்கச்சி என்று ஏணியிலிருந்தபடியே சொன்னார். அவர் சொன்னால் செய்வார். ஆனால் மழையிடம் யார் சொல்வது?

ஷிலேர் வாக்குவாதம் செய்யவில்லை. கோபம் வந்தால் அவளுக்கு வாய் மூடிக்கொள்ளும், கை வேலை செய்யும். அன்று முழுக்க முற்றத்துப் புல்லை வேரோடு பிடுங்கினாள். புதன்கிழமை சல்லடையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து மண்ணைச் சலித்தாள். உப்பைக் கல்லில் நுணுக்கிக் கலந்தாள். எதற்காகச் செய்கிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை.

புதன் சாயங்காலம் ருபாபாவின் தங்கை மகள்கள் தோழிகளோடு மரிவானிலிருந்து வந்து இறங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள். பைகளைப் போட்டதும் போடாததுமாக, ஒருத்தி கைபேசியில் பாட்டை வைக்க, எல்லோரும் தோளோடு தோள் சேர்ந்து கைகோத்து ஆட ஆரம்பித்தார்கள். இடம் பார்த்தா ஆடுகிறார்கள்? ஷிலேர் சலித்துக் கொட்டிய மண் ஒரு பாய் அகலத்துக்குச் சிதறிக் கிடந்த இடத்திலேயே ஆடினார்கள். தூசி பறக்காமலிருக்க அவள் தெளித்த தண்ணீரில் அது கொஞ்சம் ஈரமாகவும் இருந்தது. இரண்டு எட்டு முன்னால், ஒரு எட்டுப் பின்னால், தொம்மென்று ஒரு மிதி. ஷிலேர் சல்லடையை மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு மூன்று முடிந்தது. யாரோ தேநீர் என்று கூப்பிட, பெண்கள் உள்ளே ஓடினார்கள்.

அள்ளிக் குவிக்கலாம் என்று ஷிலேர் கையை வைத்தாள். மண் வரவில்லை. நகத்தால் சுரண்டினாள். கட்டை விரலால் அழுத்தினாள். உருளை அரைநாள் ஓடிய இடம் மாதிரி இறுகிக் கிடந்தது. பிறகு எழுந்து, கால் கழுவாமலே கீழே இறங்கித் தோஃபிக்கிடம் சொன்னாள்.

அவர் முதலில் சிரித்தார். சிரித்ததில் கால் வலித்து முனகினார். அப்புறம் கூரையைப் பார்த்தபடி யோசித்தார்.

"உருளை உருண்டுதான் போகும். ஜனங்க குதிப்பாங்க. அது நல்லதுதான்." மாவுக்கட்டைத் தட்டிக் காட்டினார்: "ஆனா ருபாபாகிட்ட இதைச் சொல்லப்போறது நீ. நான் கால் ஒடிஞ்சவன்."

ஷிலேர் மேலே போய்ச் சொன்னபோது ருபாபா அடுப்பில் சர்க்கரைப் பாகை வைத்துக்கொண்டு நின்றாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மருமக முதமுதலா கால் வைக்கிற இடத்துல சேத்தைப் பரப்பி வைக்கச் சொல்றே."

"சேறு இல்லக்கா. ஈர மண்ணு. கையில புடிச்சா உருண்டை நிக்கும், கீழ போட்டா ரெண்டா உடையும். அவ்வளவுதான் ஈரம். துணியில ஒட்டாது."

"ஒட்டினா?"

"வந்து மிதிச்சுப் பாருங்க."

ருபாபா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். சமையலறையில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் திரும்பி வந்தபோது, கல்யாணத்துக்கென்று தைத்த கரும்பச்சை வெல்வெட் உடுப்பைப் போட்டிருந்தாள். தரையைக் கூட்டுகிற நீளம், கழுத்திலிருந்து பாதம்வரை ஜிகினா. ஷிலேர் கைப்பிடி கைப்பிடியாக மண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்துக் காட்டினாள். ருபாபா அதன்மேல் ஏறி நின்றாள். பாட்டு இல்லை, கைகோக்க ஆள் இல்லை. தனியாக, முகத்தில் சிரிப்பே இல்லாமல், இரண்டு எட்டு முன்னால், ஒரு எட்டுப் பின்னால், ஒரு மிதி என்று முழுசாக ஒரு பாட்டுக்கான ஆட்டத்தை ஆடி முடித்தாள். ஓரத்தைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உதறினாள். கொஞ்சம் தூசி பறந்தது, கறை இல்லை.

"சாப்பாட்டுல மண்ணு விழக் கூடாது," என்றாள்.

"நடுநடுவுல நான் தண்ணி தெளிக்கிறேன்."

"நீ தெளிச்சுக்கிட்டே இருந்தா ஆடுறது யாரு? வேற யாராவது தெளிக்கட்டும். நீ ஆடணும்."

வியாழக்கிழமை காலை இரண்டு வீடும் முற்றத்தில் இறங்கின. காதிர் கூடை கூடையாக மண்ணைக் கொட்ட, மாப்பிள்ளை ஹிவா பலகையால் சமன் செய்தான். நாளைக்கு மாப்பிள்ளை, இன்றைக்கு முழங்கால்வரை மண். நண்பர்கள் எட்டிப் பார்த்து, பெண் வீட்டில் போட்ட நிபந்தனையா இது என்று கேட்டுக் கேலி செய்தார்கள். ஷிலேரும் ருபாபாவும் பக்கத்தில் பக்கத்தில் குந்தி, கட்டியை உடைத்து உதிர்த்துக்கொண்டே நகர்ந்தார்கள். பாதி முற்றம் தாண்டிய பிறகு ருபாபா தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அன்னிக்கு மாவு எவ்வளவு நனைஞ்சுச்சு?"

"பாதி மூட்டை."

"ம்."

இன்னும் கொஞ்ச தூரம் நகர்ந்தார்கள்.

"அன்னிக்கே மேல வந்து ரெண்டு வார்த்தை கத்தியிருக்கலாம்ல நீ? நானும் கத்தியிருப்பேன். அதோட போயிருக்கும். எட்டு மாசமா ஆட்டுக்குத் தலை ஆட்டுற மாதிரி ஆட்டிட்டுப் போனே பாரு, அதுதான் எனக்குத் தாங்கல."

தனக்குக் கத்த வராது என்றாள் ஷிலேர். வராது என்பது தெரிகிறது என்றாள் ருபாபா. அவ்வளவுதான் பேச்சு. ஆனால் மத்தியானம் ருபாபா ரொட்டிக்குள் காட்டு வெங்காயத்தாள் வைத்துச் சுட்டு, வெண்ணெய் தடவி, தோஃபிக்குக்கென்று தனியாக ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வேலை முடிந்ததும், ஈரம் காய்ந்துவிடாமல் இருக்க முற்றம் முழுவதையும் தார்ப்பாயால் மூடினார்கள்.

வெள்ளிக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. மத்தியானத் தொழுகை முடிந்து, கீழே சாலையில் வண்டிகள் ஒலியெழுப்ப, பெண்ணை அழைத்துக்கொண்டு படியேறி வந்தார்கள். மணப்பெண் பெயர் ரோனாக். பெரிய மேளக்காரரும் ஊதுகுழல்காரரும் முற்றத்தின் நடுவில் நின்று ஆரம்பித்தார்கள். முதல் வரிசை கைகோத்து நகர்ந்ததும் ஷிலேர் பார்த்தது முகங்களை அல்ல, கால்களை. நகரத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஊசிக் குதிகால் செருப்பு. ஒவ்வொரு மிதிக்கும் மண்ணில் ஒரு குழி.

அவள் ருபாபாவைப் பார்த்தாள். ருபாபாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக மேளக்காரரிடம் போய் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, குதிகால் செருப்பு போட்டவர்கள் எல்லாம் கழற்றிவிட்டு ஆடுங்கள், எங்கள் ஊரில் அதுதான் ராசி என்று அறிவித்தாள். அப்படி ஒரு ராசி யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மாப்பிள்ளையின் தாய் சொல்லும்போது மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்? முதலில் கழற்றியது ரோனாக்தான். வெள்ளைச் செருப்பைச் சுவரோரம் வைத்துவிட்டு, வீட்டில் யாரோ கொடுத்த வெள்ளை நூல் பின்னல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றாள். அப்புறம் சுவரோரம் செருப்புக் கடை மாதிரி ஆகிவிட்டது.

ஒரு மணிநேரம் போயிருக்கும். ஷிலேரின் கைபேசி அடித்தது. கீழே கட்டிலிலிருந்து தோஃபிக்.

"கதவுப் பக்கம் நல்லா இறுகிடுச்சு. சத்தம் திண்ணுனு கேக்குது. அடுப்புக்கு மேலதான் பொதுக்குனு கேக்குது. அங்க ஒருத்தரும் மிதிக்கல."

ஷிலேர் போய் மேளக்காரரை நாலடி கிழக்கே தள்ளி நிற்கச் சொன்னாள். இருபது வருஷமாக மேளம் அடிக்கிறேன், இப்படி யாரும் எனக்கு இடம் காட்டியதில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் நகர்ந்தார். அவர் நகர, வட்டமும் நகர்ந்தது. பத்து நிமிஷத்தில் மறுபடி கைபேசி. அங்கே சரி, இனி வடக்கு மூலை.

வடக்கு மூலையில் பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எழுப்ப முடியாது. ஷிலேர் தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு போய், அதைத் தெற்கு ஓரத்து மேசையில் வைத்துவிட்டு, தேநீர் அங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். எழுந்தவர்களில் மணப்பெண்ணின் தாய்மாமன் ஜமீலும் ஒருவர். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற பருமன். அவரை ருபாபா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வரிசையின் முதல் ஆளாக நிறுத்திக் கையில் கைக்குட்டையைக் கொடுத்தாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு, ஒவ்வொரு நாலாம் அடிக்கும் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தார்.

"யாரு அது இப்ப?" தோஃபிக்கின் குரலில் கவலை இருந்தது. "என் தேத்தண்ணியில தூசி விழுது."

"பொண்ணோட மாமா."

"அவரை ரொம்ப நேரம் ஒரே இடத்துல நிக்க விடாதே."

அதற்குள் ருபாபா வந்து ஷிலேரின் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கித் தன் இடுப்புப் பட்டியில் செருகிக்கொண்டு, அவளை வரிசைக்கு இழுத்தாள். ஷிலேர் ஒரு பக்கம் ருபாபாவின் விரல்களையும் மறுபக்கம் ரோனாக்கின் விரல்களையும் பிடித்துக்கொண்டாள். தோஃபிக் விழுந்ததிலிருந்து அவள் கை விறகும் மண்ணும் மருந்துப் புட்டியும் தவிர வேறெதையும் பிடிக்கவில்லை. முதலில் அடி தப்பியது. பிறகு தோள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதும் கால் தானாகப் போயிற்று. மெல்லிய செருப்பின் வழியாக மண் அவளுக்குத் தெரிந்தது: இங்கே கெட்டி, இங்கே இன்னும் கொஞ்சம் மெத்து, இதோ கெட்டி. கொஞ்ச நேரத்தில் அதையும் கவனிப்பதை விட்டுவிட்டாள். காதிர் பூவாளியோடு ஓரத்தில் நடந்து, மாப்பிள்ளையின் தகப்பன் என்ற மரியாதையெல்லாம் பார்க்காமல், பாட்டு நிற்கும்போதெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரம் பெண் வீட்டார் கிளம்பினார்கள். ஷிலேர் துடைப்பத்தை எடுத்து மிட்டாய்த் தாள்களைக் கூட்டினாள். துடைப்பம் சிமெண்டுத் தரையில் போவது போலச் சரசரத்துப் போயிற்று.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மழை பிடித்தது. மெதுவாகத்தான் ஆரம்பித்தது, அப்புறம் நிற்கவே இல்லை. ஷிலேர் வீட்டிலிருந்த சட்டி, கிண்ணம், வாளி எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். அவளும் தோஃபிக்கும் உத்தரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணிநேரம். இரண்டு மணிநேரம். ஒரு சொட்டு விழவில்லை. விளக்கைப் போட்டு, பயறு சூப்பை அடுப்பில் வைத்த பிறகுதான், சுர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. புகைக்குழாய் கூரையைத் துளைத்துப் போகிற இடத்திலிருந்து தண்ணீர் சூடான தகரத்தில் சொட்டியது.

அவளுக்கு உடனே புரிந்தது. யார் காலும் சுட்டுக்கொள்ளக் கூடாதென்று காதிர் அந்தக் குழாயைச் சுற்றிக் கல் அடுக்கி வைத்திருந்தார். அங்கே மட்டும் யாரும் மிதிக்கவில்லை. ஒரு தகர டப்பாவில் களிமண்ணையும் சாம்பலையும் பிசைந்து எடுத்துக்கொண்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மேலே ஏறினாள்.

அங்கே ஏற்கெனவே ஒருவர் குந்தியிருந்தார். மாமனாரின் மேலங்கியைப் போர்த்திக்கொண்டு, கல்யாணச் சோறு சமைத்த அண்டாவின் மூடியைக் குழாயோரம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ரோனாக். கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை.

"ஜன்னல்லேர்ந்து பாத்தேன்," என்றாள். "இங்க மட்டும் தண்ணி நின்னுச்சு. எங்க வீட்டுக் கூரை தகரம். என்ன பண்றதுன்னு தெரியல, அதான் மூடியைப் பிடிச்சுக்கிட்டேன்."

எவ்வளவு நேரமாக என்று ஷிலேர் கேட்டாள். கொஞ்ச நேரம்தான் என்றாள் அவள், பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. ஷிலேர் கற்களை விலக்கிக் களிமண்ணைத் திணித்தாள். ரோனாக் மூடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, செருப்புக் காலால் குழாயைச் சுற்றி மிதித்தாள். தண்ணீர் வேறு பக்கம் ஓடியது. இரண்டு பேரும் தெப்பமாக நனைந்து, ஆளுக்கொரு வாசலுக்குப் போனார்கள். சொட்டு அரைமணி நேரத்தில் நின்றது.

மழை திங்கட்கிழமை காலைவரை இருந்தது. அதன்பிறகு, ஊரில் யாரும் எதிர்பார்க்காதபடி, ஒன்பது நாள் நல்ல வெயில். காதிர் சொன்னபடி வந்தார், மகனையும் கூட்டிக்கொண்டு. வைக்கோல் சேற்றை இரண்டு நாள் புளிக்கவிட்டு, இரண்டு காலை நேரங்களில் பூசி முடித்தார்கள். அது காயும்வரை மேல்வீட்டார் தங்கள் முற்றத்தில் பலகை போட்டு அதன்மேல் நடந்தார்கள். ஒருநாள் ருபாபா பலகையிலிருந்து வழுக்கிச் சேற்றில் முழுப் பாதத்தையும் பதித்துவிட்டாள். ஷிலேர் கீழிருந்தே பார்த்துவிட்டு மேலே ஏறி, வாழ்க்கையில் முதல்முறையாக அவளைப் பார்த்துக் கத்தினாள். ருபாபா பதிலுக்குக் கத்தினாள். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். பிறகு இருவரும் உட்கார்ந்து அந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்தார்கள்.

டிசம்பர் இரண்டாம் வாரம் தோஃபிக்கின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கால் குச்சியாக இளைத்திருந்தது. ஊன்றுகோலை ஊன்றி வீட்டுக்குள் நடக்கலாம் என்றார்கள். மகள் பரீட்சை முடிந்து வந்து, வந்த நாளிலிருந்து அப்பாவின் காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்து, அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம்தான் முதல் பனி. காலையில் ஷிலேர் கண் விழித்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது, தெருவில் ஒரு சத்தமும் இல்லை. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. தோஃபிக் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒற்றைக் காலில் நின்று, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பாதி தட்டில் சிந்தியிருந்தது. மீதி, இலை அதிகம் போட்டுக் கஷாயம் மாதிரி கறுத்திருந்தது.

"எவ்வளவு விழுந்திருக்கு?" என்று கேட்டாள்.

"முழங்கால் அளவு இருக்கும். நீ படு. இன்னும் விடியல."

நன்றாக விடிந்திருந்தது. ஷிலேர் அதைச் சொல்லவில்லை. கஷாயத் தேநீரை முழுசாகக் குடித்துவிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு மறுபடி படுத்தாள். எட்டரை மணிவரை தூங்கினாள்.